வாயிலுக்கு வெளியே ஒரு பிள்ளை

தவறிழைத்த மாணவனைப் பள்ளியினின்று நீக்கிவிட்டால் ஒழுங்கு நிலைத்துவிடுமா? பெரம்பலூரில் அவனுக்கு வெங்காயக் காடு காத்திருக்கிறது. அரியலூரில் சிமென்ட் லாரி. கூலி கண்ட கை மீண்டும் புத்தகம் எடுப்பது அரிது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எப்பிள்ளையையும் வெளியேற்றலாகாது என்கிறது. மேல் வகுப்பினர்க்கு அக்காப்பு இல்லை. ஆசிரியரிடம் தகாது நடப்போர் நீக்கப்படுவர் என 2022 மே மாதம் அன்றைய பள்ளிக் கல்வி அமைச்சர் அறிவித்தார். ஆசிரியரின் மனப்புண்ணை நாம் அறிவோம். ஆயினும், மேசையை உடைத்தவன் அதைச் செப்பனிடட்டும். அவமதித்தவன் நேரில் மன்னிப்புக் கேட்கட்டும்.

தூரின் நகரில் கைவிடப்பட்ட சிறுவரிடையே உழைத்த புனித தொன் போஸ்கோ, தண்டிப்பதைவிடத் தவறு நேராதபடி உடனிருப்பதையே வலியுறுத்தினார். பெற்றோரே, அவ்வுடனிருப்பு நம்மிடமே தொடங்கட்டும். பள்ளி அழைக்கும்போது, ஒரு நாள் கூலி போயினும் செல்வோம்.