ஊருக்குப் போகும்போது பழைய செருப்பே போதும்

மும்பைத் தமிழர்கள் பலருடைய வீட்டுப் பரணில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கும். என் வீட்டுப் பெட்டியில் ஒரு ஜோடி தோல் செருப்பு இருக்கிறது. அடி தேய்ந்து, வார் கறுத்து, குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன செருப்பு.

"இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 1976-ல் பம்பாய்க்கு வந்தேன். ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. 1978-ல் தாராவியில் இந்தச் செருப்பை வாங்கினேன். தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களில் நம் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் கடையில் தமிழிலேயே பேரம் பேச முடிந்தது.

தலைக்கு அடியில் செருப்பு

அந்த ஆண்டே அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அன்று 'வி.டி.' என்று நாம் சொன்ன நிலையத்துக்கு இன்று சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்று பெயர். அங்கே சென்னை மெயில் ஏறினால் புனே, சோலாப்பூர், வாடி, குண்டக்கல், ரேணிகுண்டா, அரக்கோணம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

எனக்குக் கிடைத்த படுக்கை வெறும் மரப்பலகை. 1977 முதல் 1979 வரை ரெயில்வே மந்திரியாக இருந்த மது தண்டவதேதான் இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு மெத்தை போட ஏற்பாடு செய்தவர். அந்த மெத்தை எல்லாப் பெட்டிக்கும் வந்து சேரச் சில காலம் ஆயிற்று. செருப்புத் திருடு போய்விடும் என்ற பயத்தில் அதைத் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

சென்ட்ரலில் இறங்கி, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எழும்பூருக்கு நடந்தேன். தெற்கே போகும் ரெயில்கள் அப்போது மீட்டர் கேஜ் பாதையில் ஓடின. ஆகவே ரெயில் மாறியே ஆக வேண்டும். மறுநாள் காலை திருநெல்வேலியில் இறங்கியபோது செருப்பு முழுவதும் கரித்தூள்.

பூட்ஸ் செய்த வேலை

1980-ல் மே மாத லீவில் மறுபடியும் போனேன். இந்த முறை எனக்கு வெட்கம் வந்துவிட்டது. 'பம்பாய்க்காரன் தேய்ந்த செருப்போடு வந்தால் ஊர் என்ன சொல்லும்?' என்று நினைத்தேன். நூற்றுக்கு 5 ரூபாய் மாத வட்டியில் 300 ரூபாய் கடன் வாங்கினேன். கறுப்பு பூட்ஸ், புதுப் பேண்ட், வீட்டுக்குச் சேலைகள் எல்லாம் வாங்கினேன். என் மாதச் சம்பளமே அப்போது 340 ரூபாய்தான்.

பூட்ஸ் காலைக் கடித்தது. ஆனாலும் கோவில் கொடையில் அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். கடனை அடைத்து முடிக்க மறு வருடம் பொங்கல் ஆகிவிட்டது.

அதோடு போகவில்லை. 1981-ல் ஒருநாள் எங்கள் தெருப் பையன் ஒருவன், வயது 17 இருக்கும், கையில் ஒரு பையோடு என் அறை வாசலில் வந்து நின்றான்.

"நீங்க பூட்ஸ் போட்டு வந்ததைப் பார்த்துத்தான் அண்ணாச்சி கிளம்பி வந்தேன்" என்றான்.

என் அறையில் ஏற்கனவே 8 பேர். பரேல் பக்கம் மில் தொழிலாளர்கள் சாப்பிடும் ஓட்டலில் அவனுக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தேன். 1982 ஜனவரி 18-ந்தேதி மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். சாப்பிட ஆள் இல்லாமல் ஓட்டலும் மூடப்பட்டது. பையன் பிளாட்பாரத்தில் படுத்தான். ஒருநாள் இரவு அவனுடைய செருப்பையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். வெறுங்காலோடு போகிறானே என்று என் பூட்ஸை நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி. இதைப் போட்டுட்டுப் போனா ஊர்ல இன்னொருத்தன் கிளம்பிருவான்" என்றான்.

எனக்குச் செருப்பால் அடித்தது போல் இருந்தது.

அம்மா பார்த்தாள்

1983-ல் இந்தப் பழைய செருப்போடுதான் ஊருக்குப் போனேன். அதற்குள் இரண்டு தடவை அடித்தோல் மாற்றித் தைத்தாகிவிட்டது. வாசலில் கழற்றிப் போட்டதை அம்மா கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எய்யா, இம்புட்டா நடந்திருக்கே?" என்று கேட்டாள். அன்றுதான் முதல் தடவையாக என் சம்பளம், வாடகை, குழாயடி, கடன் எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். யாரும் என்னைக் கேவலமாக நினைக்கவில்லை. "அடுத்த தடவை சேலை வேண்டாம், நீ நல்லா சாப்பிடு" என்றார்கள்.

இன்று காலம் மாறிவிட்டது. பூட்ஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் இருக்கிறது. பெரிய கட்டிடத்தின் முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அந்த செல்போனே மாதத் தவணையில் வாங்கியது. படத்தைப் பார்த்து ஊரில் ஒரு பையன் பையைக் கட்டுகிறான்.

பிழைக்க வருவது தவறல்ல. நாம் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். பலர் வந்து நன்றாகவும் இருக்கிறோம். ஆனால் வருகிறவன் உண்மையைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

பந்தாவுக்காகக் கடன் வாங்காதீர்கள். ஒரு பையனை வரச் சொன்னால், தங்க இடமும் வேலையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். இங்கே வாங்குவது எவ்வளவு, மிஞ்சுவது எவ்வளவு என்று வீட்டாரிடம் கணக்குச் சொல்லுங்கள்.

செருப்பு அறுந்திருந்தால் ஸ்டேஷன் வாசலில் தைக்கக் கொடுங்கள். அதையே போட்டுக்கொண்டு ஊருக்குப் போங்கள். தேய்ந்த செருப்பு உழைத்தவன் காலில்தான் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.