மகனுக்கு பைக் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க!

ராத்திரி பதினோரு மணி. ஒரு அரசு ஆஸ்பத்திரியின் விபத்து வார்டு வாசல். வழக்கம்போல் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன்.

மர பெஞ்சில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். சட்டைப் பையில் ஆபீஸ் பேனா. மடியில் ஒரு ஹெல்மெட். புத்தம் புதுசு. விலைச் சீட்டைக்கூட கிழிக்கவில்லை.

"பையனோடதா சார்?" என்று கேட்டேன்.

"ஆமா தம்பி. வண்டியோட சேர்த்து வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்க மாட்டேன்னு வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டான். போன் வந்ததும் இதைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துட்டேன். எதுக்கு எடுத்துக்கிட்டு வந்தேன்னு எனக்கே தெரியலை."

பையனுக்கு வயது 19. வண்டி வந்து 11 நாள்தான் ஆகிறது. அடையாறில் நடுச்சாலைத் தடுப்பில் மோதி விட்டான். காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. நல்லவேளை, தலை தப்பியது.

பி.எப்.பில் கடன் போட்டு முன்பணம் கட்டியவர் இந்த அப்பா. இவர் மட்டும் இன்றைக்கும் 29சி பஸ்சில் தொங்கிக்கொண்டுதான் ஆபீஸ் போகிறார்.

"அவ்வளவு வேக வண்டியை ஏன் சார் வாங்கிக் கொடுத்தீங்க?"

அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"வேக வண்டின்னு எனக்குத் தெரியாது தம்பி. எதிர் வீட்டுக்காரர் 350 வச்சிருக்கார். மெதுவாத்தான் போறார். இது 200 தானே, சின்ன வண்டிதானேன்னு நெனச்சு வாங்கிக் கொடுத்துட்டேன்!"

இந்த அப்பா மட்டுமா? நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் ஏமாறுகிறோம்.

சிசி என்றால் என்ன?

நான் படித்தது பிளஸ் டூ. கணக்கில் புலி கிடையாது. ஆனால் இந்தக் கணக்கு எனக்கே புரிந்தது.

என்ஜினுக்குள் ஒரு சிலிண்டர். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. அது போய் வருகிற இடத்தின் கொள்ளளவுதான் சிசி. அதாவது, கன சென்டிமீட்டர். சொம்புக்கு லிட்டர் கணக்கு மாதிரி.

ஒரு காலத்தில் வாலிபர்களைக் கிறங்க அடித்த ஆர்.எக்ஸ். 100 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் அகலம் 5 சென்டிமீட்டர். பிஸ்டன் ஓடுகிற தூரமும் 5 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 98 சிசி.

பழைய புல்லட்டுக்கு அகலம் 7, ஓட்டம் 9. கணக்குப் போட்டால் 346 சிசி.

சரி, புல்லட்டுக்கு மூன்றரை மடங்கு சிசி. அப்படியானால் மூன்றரை மடங்கு சக்தியா? அதுதான் இல்லை! ஆர்.எக்ஸ். 100 கொடுத்தது 11 குதிரைசக்தி. புல்லட் கொடுத்தது 18. இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் எடையில் புல்லட் ரொம்பக் கனம்.

எப்படி என்றால், ஆர்.எக்ஸ். 100 டூ ஸ்ட்ரோக் வண்டி. என்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவை பெட்ரோல் வெடிக்கும். புல்லட் போர் ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். அதிலும் நீளமான ஓட்டம். நிதானமாக இழுக்கிற வண்டி. ஆனை மாதிரி சுமக்கும், குதிரை மாதிரி பாயாது.

புல்லட்டை நான் குறை சொல்லவில்லை. அது நம்ம ஊர் வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்சும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் கை கோத்து, திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்த வண்டி. ராணுவத்துக்கே போன வண்டி. இன்றும் நம் பெருமைதான்.

சொல்ல வருவது வேறு. சிசி என்பது பாத்திரத்தின் அளவு. அடுப்பு எவ்வளவு எரிகிறது என்பது தனி விஷயம். இந்தக் காலத்து 350 சிசி சவாரி வண்டிகளில் சில 20 குதிரைசக்திதான் கொடுக்கின்றன. எடை 195 கிலோ. அதே சமயம், 200 சிசி ரேஸ் ரக வண்டிகளில் 25 குதிரைசக்தி கொடுப்பவை உண்டு. எடையோ ரொம்பக் குறைவு.

எதிர் வீட்டு 350-ஐ விட மகனுடைய 200 பாய்ந்து போவது இதனால்தான். அந்த அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

ஆகவே, ஷோரூமுக்குப் போனால் மூன்று எண்களைக் கேளுங்கள். எத்தனை சிசி? எத்தனை குதிரைசக்தி? எத்தனை கிலோ? மூன்றும் தெரியாமல் முன்பணத்தை எடுக்காதீர்கள்.

எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

மயிலாப்பூர் குளத்தில் இருந்து பனகல் பார்க் ஒன்றும் வெளியூர் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிப் பாருங்கள். லஸ்சில் நின்று, ஆழ்வார்பேட்டையில் நின்று, தேனாம்பேட்டையில் நின்று, அரை மணி நேரம் சர்வ சாதாரணமாகப் போய் விடுகிறது. இதில் 100 சிசி வண்டியும் நிற்கிறது, 400 சிசி வண்டியும் பக்கத்திலேயே நிற்கிறது. பெரிய வண்டிக்காரர் தொடையில் கூடுதலாகச் சூடு வாங்குகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்!

2023 நவம்பரில் சென்னை போக்குவரத்து போலீசார் வேக வரம்பு அறிவித்தார்கள். நகரச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 50 கிலோமீட்டர். குடியிருப்புத் தெருக்களில் 30. இந்த 50-ஐ ஒரு சாதாரண 100 சிசி வண்டி மூச்சு வாங்காமல் தொட்டு விடும். மிச்ச சிசி எல்லாம் எதற்கு? சிக்னலில் உறுமிக் காட்டவா?

எடையையும் பாருங்கள். சாதாரண 100 சிசி வண்டி 110 கிலோ சொச்சம். 350 சிசி வண்டிகளில் சில 190 கிலோவுக்கு மேல். மாட வீதிப் பக்கத்துச் சந்துகளில் ராத்திரி வண்டியை வாசல்படி ஏற்றி உள்ளே தள்ளுகிறவர்களைக் கேளுங்கள். உஸ்மான் ரோட்டில் பத்து வண்டிக்கு நடுவே மாட்டிக்கொண்ட வண்டியை வெளியே இழுக்கிறவர்களைக் கேளுங்கள். அந்த 80 கிலோ என்ன என்று சொல்வார்கள்.

உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும். நுனிக்கால் மட்டும் படுகிற வண்டி, சிக்னலில் உங்களைக் கவிழ்க்கிற வண்டி.

பாக்கெட் கணக்கு

தினம் 30 கிலோமீட்டர். மாதம் 25 நாள். ஆக 750 கிலோமீட்டர்.

லிட்டருக்கு 60 கொடுக்கிற வண்டி என்றால் 12.5 லிட்டர். லிட்டருக்கு 30 கொடுக்கிற வண்டி என்றால் 25 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் ரூ.1,250 வித்தியாசம். வருஷத்துக்கு ரூ.15,000. பிள்ளையின் டியூஷன் பீஸ் காலியாகிப் போகிறது!

இன்சூரன்சிலும் சிசி பேசும். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 75-க்கு மேல் 150 சிசி வரை ரூ.3,851. அதற்கு மேல் 350 சிசி வரை ரூ.7,365. அதையும் தாண்டினால் ரூ.15,117. ஒரு சிசி கூடினாலும் அடுத்த படி.

வரியும் அப்படியே. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் போனால் 40 சதவீதம் என்று ஆனது.

தவணையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். தவணை மூன்று வருஷத்தில் முடியும். பெட்ரோல் முடியாது.

சின்னதும் ஆபத்துதான்

"அப்படின்னா எல்லாரும் 100 சிசி வாங்கணுமா?" என்று கேட்பீர்கள். அதுவும் தப்பு.

கணவன், மனைவி இரண்டு பேருமாக மாதம் ஒரு தடவை திண்டிவனம் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறார்கள். தாம்பரம் தாண்டினால் ஜி.எஸ்.டி. சாலை. பின்னால் லாரி ஆரன் அடிக்கிறது. 100 சிசி வண்டி இரண்டு பேரைச் சுமந்து திணறுகிறது. ஒதுங்கவும் முடியாது, முந்தவும் முடியாது. அங்கே கொஞ்சம் கூடுதல் இழுவை இருப்பது உயிருக்குப் பாதுகாப்பு. அவர்களுக்கு 125 முதல் 160 சிசி வரை பொருத்தம்.

இன்னொரு லாபமும் உண்டு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம் ஆனது. சட்டென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும். மழை ஈரத்தில் இதன் அருமை தெரியும்.

கடைக்காரர்கள் விஷயம் வேறு. தண்ணீர் கேன், அரிசி மூட்டை, காய்கறிக் கூடை எல்லாம் ஏற்றுகிறவருக்கு முன்னால் காலியிடம் உள்ள 100 சிசி மொபெட்தான் ராஜா. கியர் தொல்லை இல்லை. விலையும் கம்மி. ஆனால் அது 130 கிலோ சுமக்க என்று செய்த வண்டி. நாலு மூட்டை கட்டி, அதன் மேல் பையனையும் உட்கார வைத்தால், பிரேக் பிடிக்கிற இடத்தில் வண்டி நிற்காது.

நாற்பது வயதுக்காரர், பத்து வருஷம் ஓட்டிப் பழகியவர், லீவு நாளில் பாண்டிச்சேரி போய் வர 350 ஆசைப்படுகிறாரா? தாராளமாக வாங்கட்டும். சம்பாதித்த பணம், பழகிய கை. நம் சண்டை அவரோடு இல்லை.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை

நம் சண்டை சட்டத்தோடு.

16 வயதுப் பையன் 50 சிசிக்கு மிகாத வண்டி மட்டும்தான் ஓட்டலாம் என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். அதாவது, அந்த 100 சிசி மொபெட்டைக்கூட அவன் தொடக் கூடாது. மீறினால் 2019 திருத்தப்படி பெற்றோருக்கே 25 ஆயிரம் ரூபாய் அபராதம். மூன்று வருஷம் வரை ஜெயில். நல்ல சட்டம்.

ஆனால் 18 முடிந்த மறுநாள்? கியர் வண்டி லைசென்ஸ் ஒன்று வாங்கினால் போதும். 100 சிசியில் எட்டுப் போட்டுக் காட்டியவன், அன்று மதியமே 400 சிசி, 650 சிசி எதையும் ஓட்டலாம். படிக்கட்டே கிடையாது. தரையில் இருந்து நேரே மொட்டை மாடி!

சிங்கப்பூரில் அப்படி இல்லை. முதல் லைசென்சில் 200 சிசி வரைதான். குறைந்தது ஒரு வருஷம் ஓட்டிய பிறகே 400 சிசி வரைக்குமான அடுத்த பரீட்சை எழுதலாம். அதிலும் ஒரு வருஷம் பழகினால்தான் அதற்கு மேல். ஜப்பானிலும் 125, 400 என்று படி உண்டு. ஐரோப்பாவில் குதிரைசக்தியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறார்கள். அந்த ஊர் வாலிபர்களுக்கும் ரத்தம் சூடுதான். அதைத் தெரிந்துதான் படி வைத்திருக்கிறார்கள்.

நமக்கும் அந்தப் படிக்கட்டு வேண்டும். சிசி மட்டும் போதாது, குதிரைசக்தியையும் சேர்த்துக் கணக்கெடுத்து வேண்டும். இல்லாவிட்டால் 200 சிசி என்கிற பெயரில் ரேஸ் வண்டி உள்ளே நுழைந்து விடும்.

"பெரிய வண்டி யாரையும் கொல்லாது, ஓட்டுகிறவன்தான் காரணம்" என்பார்கள். உண்மைதான். அதனால்தான் ஓட்டுகிறவனைப் பழக்கிவிட்டுக் கொடுங்கள் என்கிறேன்.

ரேஸ் ஆசையா? அதற்கும் இடம் உண்டு. அந்தக் காலத்தில் சோழவரம். இன்று இருங்காட்டுக்கோட்டை. அங்கே எதிரே பஸ் வராது, குறுக்கே பாட்டி வரமாட்டார். காமராஜர் சாலையும் சர்தார் படேல் சாலையும் அதற்குப் போட்டவை அல்ல.

வீட்டிலே ஒரு ஆர்.டி.ஓ.

சட்டம் எப்போது வருமோ தெரியாது. அது வருகிறவரை அப்பா, அம்மாதான் ஆர்.டி.ஓ.!

பையன் கேட்டால் சட்டென்று "கிடையாது" என்று கத்த வேண்டாம். "முதல் ஒரு வருஷம் 100 சிசி. விழாமல், சலான் வாங்காமல் ஓட்டிக் காட்டு. அடுத்த வருஷம் பேசலாம்" என்று சொல்லுங்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். இரண்டு நாள் சாப்பிட மாட்டான். மூன்றாம் நாள் பசிக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்த அப்பாவிடம் விடை பெறும்போது, விடியப் போகிறது. உள்ளே இருந்து நர்ஸ் வந்து, "பையன் கண் முழிச்சுட்டான். அப்பா எங்கேன்னு கேக்கறான்" என்றார்.

அவர் எழுந்து ஓடினார். ஹெல்மெட் பெஞ்சிலேயே கிடந்தது. விலைச் சீட்டோடு.

எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் எத்தனை வீட்டில் அப்படி ஒரு ஹெல்மெட் ஆணியில் தொங்குகிறதோ?