புலி வரலைன்னா டூர் வேஸ்ட்டா?

சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிப் பசங்களுக்கு ஏற்காடு ஏறி இறங்கி அலுத்துப்போன பிறகு ஒருத்தன் ஆரம்பிப்பான்: "டேய், தேக்கடி போலாம்டா, புலி பார்க்கலாம்!" அவ்வளவுதான். ஆளுக்கொரு முதுகுப்பை, அதில் ரெண்டு டி-ஷர்ட், அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம். கூட்டத்தில் நாமக்கல்காரன் இருந்தால் அவித்த முட்டை ஒரு டஜன் நிச்சயம். கரூர், திண்டுக்கல், தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி குமுளியில் இறங்கும்போது புளிசாதமும் காலி, தெம்பும் காலி.

திரும்பி வந்ததும் எல்லோரும் ஒரே டயலாக்: "புலியே வரலை மச்சி, காசு வேஸ்ட்!"

இந்தப் புலம்பல் நியாயமா? இல்லவே இல்லை.

முதல் விஷயம், தேக்கடி ஒன்றும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா கிடையாது. 1978-ல் அதைப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், சரி. அதற்காகப் படகு புறப்படும் நேரத்தைப் புலியிடம் யாரும் சொல்லி வைக்கவில்லையே! படகு ஓடும் ஏரியே 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டானதுதான். அப்போது மூழ்கிய மரங்களின் மொட்டைத் தண்டுகள் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். யானை, காட்டுமாடு, கடமான் எல்லாம் வந்தால் வரும். வந்துவிட்டதே என்று எல்லோரும் படகில் ஒரே பக்கம் ஓடினால் அது விளையாட்டு அல்ல. 2009 செப்டம்பர் 30-ல் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டால் போட்டோவில் குண்டாகத் தெரியும் என்று கழற்றுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது, காட்டுக்குள் நடக்கக் கூட்டிப்போகும் வழிகாட்டிகள். அட்டை கடிக்குமா என்று மட்டும் அவர்களிடம் கேட்டுவிட்டு வந்தால் நஷ்டம் நமக்குத்தான். ஒரு காலத்தில் இந்தக் காட்டில் காட்டு லவங்கப்பட்டை மரங்களைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள் சிலர் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களோடு பேசி, ஒரு குழுவாக்கி, காவலுக்கும் வழிகாட்டவும் வைத்தது. எந்த மரம் எங்கே, எந்தத் தடம் யாருடையது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்! பி.காம். பசங்க பாஷையில் சொன்னால், மரத்தை ஒருமுறை உரித்தால் ஒருமுறைதான் வருமானம். நிற்கிற மரத்தைக் காட்டினால் வருஷம் முழுக்க வருமானம். அந்த வழிகாட்டிக் கட்டணத்தில் போய் பேரம் பேசலாமா?

மூன்றாவது, மசாலாத் தோட்டங்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காமல் தரையோரமாகக் காய்க்கிறது. கிராம்பு என்பது விரியாத பூமொட்டு. ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் ஒரே பழத்துக்குள் இருப்பவை. கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும் ஒரே கொடி தருவது. பிரியாணியில் இத்தனை நாளும் பொறுக்கி ஓரம் வைத்த சாமான்களின் ஜாதகத்தைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் ஏது?

ஆனால் ஒரு கேள்வி. மிளகுக்கொடியைப் பார்க்க குமுளி வரை போகிற நாமக்கல் பசங்க, சொந்த மாவட்டத்துக் கொல்லிமலையில் அதைப் பார்த்திருக்கிறார்களா? 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, ஒரு குளியல், நாலு செல்ஃபி, கீழே இறங்கு! சில்வர் ஓக் மரங்களில் ஏறி நிற்கும் மிளகும், நிழலில் வளரும் காபியும் பஸ் ஜன்னலோடு சரி. சோளக்காடு சந்தையில் மலைவாசிகளே கொண்டுவந்து விற்கும்போது வாங்காமல், பேரே தெரியாத பாக்கெட் மிளகைக் கேரளாவில் இருந்து சுமந்து வருவது என்ன கணக்கோ!

தேக்கடி போகவே கூடாது என்பதல்ல. போகட்டும், நன்றாகச் சுற்றட்டும். அங்கே கற்ற பாடத்தைக் கொல்லிமலைக்கும் கொண்டுவரட்டும். ஒரு மலைவாசி விவசாயி தன் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினால் அவருக்கு நியாயமான கூலி கொடுத்து, மிளகையும் அவரிடமே வாங்கினால், அந்த மிளகுக்கொடிக்கும் நிழல் மரத்துக்கும் மலையிலேயே மதிப்பு இருக்கும்.

புலி? அது வரும்போது வரட்டுமே!