மீன் தண்ணீரில் மிளகாய்

வீரசோழன் பக்கம் மிளகாய் என்றால் மானாவாரிக் கரிசல்தான். மழை பொய்த்தால் வத்தலும் இல்லை. குளிர்நாடுகளில் சிலர் கண்ணாடிக் குடிலுக்குள் மீன்தொட்டி வைத்து, அந்தத் தண்ணீரிலேயே மிளகாய் பறிக்கிறார்கள். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்ற, அதுவே செடிக்கு உரம். தண்ணீர் மறுபடி மீனுக்கே போகும்.

அங்கே கவலை, தண்ணீரைச் சூடாக்கும் செலவு. இங்கே மொட்டைமாடியில் வைத்தால் சிக்கல் வேறு. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். உவர்ப்பான போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினால் இலை நுனி கருகும். மிளகாயும் உப்பும் குழம்பில்தான் சேரும்! சேமித்த மழைத்தண்ணீர்தான் சரி. நிழல்வலையும் வேண்டும், 35 டிகிரிக்கு மேல் பூ கொட்டும்.

பாக்டீரியா பெருக ஒரு மாதமாவது ஆகும். அதுவரை மீன்களை நெருக்கி விடக்கூடாது. அசுவினி வந்தால் மருந்தடிக்க முடியாது, மீன் செத்துவிடும். தண்ணீரைப் பீய்ச்சி இலையைக் கழுவ வேண்டியதுதான்.