உப்பு வேறு, சாக்கு வேறு: ஹெட்லெஸ் சி.எம்.எஸ். எல்லோருக்கும் தேவையா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி செல்பவர்கள், மரக்காணம் அருகே சாலையோரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்திகளிலிருந்து வாரிய உப்பைக் கரையில் குவித்து வைத்திருப்பார்கள். மழைக்கு முன் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிவிடுவார்கள். அந்தக் குவியலில் எந்தக் கம்பெனியின் பெயரும் இருக்காது. இப்படிக் குவித்த உப்புதான் கருவாடு போடுபவருக்கும், ஐஸ் தயாரிப்பவருக்கும், தோல் பதனிடுபவருக்கும் போகிறது. சமையலுக்குப் போவது அயோடின் சேர்க்கப்பட்டுப் பாக்கெட்டில் அடைக்கப்படுகிறது. உப்பு ஒன்றுதான். போகிற இடத்துக்குத் தகுந்தபடி சாக்கும் பாக்கெட்டும் மாறுகின்றன.

இணைய தளம் அமைப்பதில் நம்மில் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். உப்பைச் சாக்கோடு சேர்த்துத் தைத்துவிடுகிறோம். பிறகு தளத்தின் தோற்றத்தை மாற்ற நினைத்தால், உள்ளே உள்ள விஷயமும் சேர்ந்து சிதறுகிறது. இதற்குத் தீர்வு என்று சொல்லப்படுவதுதான் ஹெட்லெஸ் சி.எம்.எஸ். ஐந்து பக்கத் தளம் போதும் என்று கேட்கும் சிறு வியாபாரியிடமும் இப்போது இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதன் பின்னால் உள்ள கொள்கை எல்லோருக்கும் தேவை. அந்த சாஃப்ட்வேர் மிகச் சிலருக்கே தேவை.

தலை என்பது எது?

சி.எம்.எஸ். என்பது கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்பதன் சுருக்கம். எச்.டி.எம்.எல். தெரியாதவர்களும் தளத்தில் கட்டுரை, படம், விலைப்பட்டியல் ஆகியவற்றைச் சேர்க்க இது உதவுகிறது. 2003ல் வெளியான வேர்ட்பிரஸ் இவற்றில் அதிகம் பயன்படுத்தப்படுவது. இன்று உலகின் இணைய தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இதில்தான் இயங்குகின்றன.

இது போன்ற சி.எம்.எஸ். இரண்டு வேலைகளைச் செய்கிறது. நீங்கள் டைப் செய்வதை டேட்டாபேஸில் சேமித்து வைப்பது ஒன்று. தீம் என்ற சட்டையைப் போட்டு, பிரவுசரில் பக்கமாகக் காட்டுவது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலையைத்தான் தலை என்கிறார்கள். ஹெட்லெஸ் சி.எம்.எஸ். என்பதில் தலை நீக்கப்பட்டிருக்கும். விஷயத்தைச் சேமிப்பது மட்டுமே அதன் வேலை. யாராவது கேட்டால், ஏ.பி.ஐ. என்ற கதவின் வழியாக, எந்த அலங்காரமும் இல்லாமல் தகவலை மட்டும் எடுத்துக் கொடுக்கும். கேட்பது இணைய தளமாகவோ, மொபைல் அப்ளிகேஷனாகவோ, கடை வாசலில் உள்ள டிஸ்பிளே போர்டாகவோ இருக்கலாம். தோற்றம் அவரவர் பொறுப்பு. கன்டென்ட்ஃபுல், ஸ்ட்ராப்பி, டைரக்டஸ், சானிட்டி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலி நிறுவனம் 2009லேயே இந்த வழியைப் பேசியது. ஒருமுறை எழுதி, எல்லா இடங்களிலும் வெளியிடுவது என்பதுதான் அதன் சாரம். ஆனால் அதற்கும் பத்து ஆண்டுகளுக்கு மேல் முன்பே, மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரிக் கடற்கரையில், இந்தப் பெயர் இல்லாமலேயே ஏறக்குறைய இதே வேலை நடந்திருக்கிறது.

ஒலிபெருக்கியும் ஒரு தலைதான்

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியுடன், 1998ல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம் இருந்தது. மீனவ கிராமமான வீராம்பட்டினத்தில் மக்கள் கேட்டது, கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற தகவல். அமெரிக்கக் கடற்படையின் இணைய தளத்தில் அலை உயரக் கணிப்புகள் வெளியாகிக் கொண்டிருந்தன. அதை எடுத்து, தமிழில் சுருக்கமாக்கி, கிராமத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே அது கடற்கரையில் ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கப்பட்டது.

கவனித்துப் பாருங்கள். மீனவர் யாரும் பிரவுசரைத் திறக்கவில்லை. தகவல் ஓர் இடத்தில் தயாரானது; அதற்கு வாய் ஒலிபெருக்கி. இன்று ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனப்படும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும், தன் கடல்நிலை முன்னறிவிப்பைக் குறுஞ்செய்தி, டிஸ்பிளே போர்டு, மொபைல் அப்ளிகேஷன், இணைய தளம் எனப் பல வாய்களில் வெளியிடுகிறது.

இதே கடற்கரையில் உள்ள நல்லவாடு கிராமத்தில் 2004 டிசம்பர் 26 அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர், சுனாமி பற்றித் தெரிந்துகொண்டு தொலைபேசியில் எச்சரித்தார். கிராமத்தவர்கள் தகவல் மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் ஊரை விட்டு வெளியேறித் தப்பினார்கள். அந்த ஒலிபெருக்கி அலை உயரம் சொல்ல மட்டுமே என்று கட்டப்பட்டிருந்தால் அன்று பயன்பட்டிருக்காது. விஷயம் வாயோடு கட்டப்படக் கூடாது. வாயும் ஒரே விஷயத்தோடு கட்டப்படக் கூடாது. ஹெட்லெஸ் என்பதன் முழுப் பாடமும் இவ்வளவுதான்.

தமிழில் நாம் இழந்தவை

இந்தப் பாடத்தைக் கற்காததால் தமிழ் இணையம் ஏற்கெனவே நிறைய இழந்திருக்கிறது. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ்த் தளங்கள் பல தங்களுக்கென்று தனி எழுத்துருவை வைத்திருந்தன. அதை டவுன்லோட் செய்து பதிந்தால்தான் படிக்க முடியும். இல்லையென்றால் திரையில் புரியாத குறியீடுகள் மட்டுமே தெரியும். 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் குறியீடுகள் முன்வைக்கப்பட்டன. 2010ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இதற்கிடையில் பழைய எழுத்துருக்களில் எழுதியவற்றில் மாற்றப்படாமல் போனவை, இருந்தும் படிக்க முடியாதவையாகிவிட்டன. எழுத்து, எழுத்துருவோடு தைக்கப்பட்டதன் விளைவு இது.

அடுத்தது ஜியோசிட்டீஸ். யாஹூ நிறுவனம் 2009ல் இந்த இலவசத் தளச் சேவையை நிறுத்தியது. கையில் பிரதி வைத்திருக்காதவர்களின் பக்கங்கள் பல அதோடு போயின. மாறாக, 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் டைப் செய்தார்கள். முதலில் டிஸ்கி குறியீட்டில் இருந்தவை பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன, எச்.டி.எம்.எல். வடிவிலும் பி.டி.எஃப். வடிவிலும் கிடைக்கின்றன. மூல எழுத்து ஒழுங்காகக் கையில் இருந்ததால்தான், காலத்துக்கு ஏற்ற சாக்கில் அதை அடைக்க முடிந்தது.

மரக்காணத்தில் ஒரு தளம்

இப்போது மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரி தளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்ல வேண்டியவை அதிகம் இல்லை. உப்பின் வகை, மூட்டையின் எடை, இன்றைய விலை, கையிருப்பு, அந்த விலையை எழுதிய தேதி, போன் நம்பர். ஆனால் இந்த விலை முதல் பக்கத்தில் ஒன்றாகவும், விலைப்பட்டியலில் வேறாகவும், ஃபேஸ்புக்கில் போன மாதத்ததாகவும் இருக்கும். வாட்ஸ்அப்பில் பூ வேலைப்பாடுகளுடன் ஒரு படமாகப் போகும்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மரக்காணத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். பாத்திகளில் வேலை நடக்காது. குவித்து மூடி வைத்ததைத்தான் விற்க வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டத்தின் சில இடங்களிலும் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில், கையிருப்பு உள்ளது என்ற பழைய வரியை நம்பி ஒருவர் லாரி அனுப்பினால், வாடகை யார் தருவது? தளத்தில் உள்ள ஒரு தவறான வரிக்கு, ஒரு நாள் லாரி வாடகை விலையாகிறது. அடுத்த முறை அவர் அந்தத் தளத்தைப் பார்க்கவே மாட்டார்.

விலையைப் படமாக மட்டும் போடுவதில் இன்னொரு தீமை உண்டு. தேடலில் அது எளிதில் சிக்காது. மாற்று எழுத்து தரப்படாத படத்தை, பார்வையற்றோர் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. போன்ற ஸ்கிரீன் ரீடர் சரியாக வாசிக்க முடியாது. ஒரு எண் மாறினாலும் படத்தை மறுபடி செய்ய வேண்டும். உப்பைச் சாக்கோடு தைப்பது என்பது இதுதான்.

அப்படியானால் ஹெட்லெஸ் வாங்கலாமா?

அவசரப்பட வேண்டாம். ஹெட்லெஸ் சி.எம்.எஸ். வாங்கினால் தளம் கிடைத்துவிடாது. பாதிதான் கிடைக்கும். பார்க்கக்கூடிய பக்கத்தைத் தனியாக ஒருவர் எழுதித் தர வேண்டும். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் போன்றவை நன்கு தெரிந்திருக்க வேண்டும். தோற்றத்தில் சிறு மாற்றம் என்றாலும், பல சமயம் அவரைத்தான் அழைக்க வேண்டும். பப்ளிஷ் செய்வதற்கு முன் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் பிரிவியூ வசதியைக்கூடத் தனியாக அமைக்க வேண்டியிருக்கும். பராமரிக்க வேண்டியவை ஒன்றுக்கு இரண்டாகும். தளம் அமைத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், உங்களிடம் ஒரு முண்டம்தான் மிஞ்சும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போன்றவற்றுக்கு ஹெட்லெஸ் தானாகவே தகவலை அனுப்பிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அதற்கெல்லாம் தனி இணைப்பு வேண்டும். இல்லையென்றால் காப்பி, பேஸ்ட்தான்.

எனவே நான் சொல்லும் கணக்கு எளிது. உங்கள் தகவலுக்கு எத்தனை வாய்கள் என்று எண்ணுங்கள். இணைய தளம் ஒன்று மட்டும் என்றால் சாதாரண வேர்ட்பிரஸ் போதும். மாதம் ஒருமுறை கூட மாறாத சில பக்கங்கள்தான் என்றால் அதுவும் தேவையில்லை. 2013ல் வந்த ஹியூகோ போன்ற புரோகிராம், சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களைப் பக்கங்களாக மாற்றித் தரும். டேட்டாபேஸ் கிடையாது, உங்கள் எழுத்து உங்கள் ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரில் இருக்கும். ஆரம்பத்தில் அமைத்துத் தர மட்டும் விஷயம் தெரிந்த ஒருவரின் உதவி வேண்டும்.

இரண்டு வாய்கள் என்றால், அதாவது தளத்துடன் ஒரு மொபைல் அப்ளிகேஷனும் இருந்தால், வேர்ட்பிரஸே அந்த வேலையைச் செய்யும். 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து, கட்டுரைகளையும் பக்கங்களையும் ஏ.பி.ஐ. வழியாகத் தரும் வசதி அதிலேயே உள்ளது. வேர்ட்பிரஸ் தளம் ஒன்றின் முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு, டபிள்யூ.பி., ஹைபன், ஜேசன் என்பதற்கான ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றி டைப் செய்து பாருங்கள். தள உரிமையாளர் அதை மூடி வைக்கவில்லை என்றால், அலங்காரம் இல்லாத தகவல் திரையில் வரும். தலையை வெட்டாமலேயே கழுத்தைப் பார்த்துவிடலாம்.

மூன்று, நான்கு வாய்கள், தினமும் மாறும் தகவல், பதிவு செய்ய இரண்டு மூன்று பேர் என்றால் மட்டும் ஹெட்லெஸ் பக்கம் போகலாம். உப்பு உற்பத்தியாளர்கள் பலர் சேர்ந்து, தளம், மொபைல் அப்ளிகேஷன், எடைமேடை அருகே டிஸ்பிளே போர்டு, உறுப்பினர்களுக்குக் குறுஞ்செய்தி என்று நடத்தினால், அங்கே அது தன் செலவுக்கு நியாயம் செய்யும். காலை ஆறு மணிக்கு ஒருவர் விலையை மாற்றினால் நான்கு இடங்களிலும் மாறும்.

எதைச் செய்தாலும் இதை மறக்காதீர்கள்

சாஃப்ட்வேர் எதுவானாலும் சில பழக்கங்கள் வேண்டும். தமிழை யூனிகோடில் மட்டும் டைப் செய்யுங்கள். விலை, தேதி, கையிருப்பு ஆகியவற்றை ஒரே பத்தியில் கலந்து எழுதாமல் தனித் தனிக் கட்டங்களில் வையுங்கள். விலைக்குப் பக்கத்தில் அதை எழுதிய தேதி கட்டாயம் இருக்கட்டும். ஒரு தகவலுக்கு ஒரே மூல இடம். மற்ற எல்லாம் அதன் நகல். மாதம் ஒருமுறை முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, சொந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு பென் டிரைவிலும் பிரதி வையுங்கள்.

தளம் அமைப்பவரிடம் பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். டொமைன் யார் பெயரில் பதிவாகும்? நாளை நான் வேறு ஒருவரிடம் போனால், என் எழுத்தும் படங்களும் எந்த வடிவில் என் கைக்கு வரும்? நீங்கள் இல்லாவிட்டால் விலையை நானே மாற்ற முடியுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் தருபவர் எந்த சி.எம்.எஸ். பயன்படுத்தினாலும் நல்லதுதான். மழுப்புபவர் எவ்வளவு புதிய பெயரைச் சொன்னாலும் வேண்டாம்.

சாக்கு கிழிந்தால் வேறு சாக்கு வாங்கிக்கொள்ளலாம். மழையில் உப்பு கரைந்துவிட்டால் அடுத்த வெயில் காலம் வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் உப்பளத்தில் மேகம் திரளும்போது முதலில் குவியலை மூடுகிறார்கள். உங்கள் தளத்துக்கும் அதுவே நல்ல வரிசை. முதலில் உங்கள் தகவலைப் பத்திரப்படுத்துங்கள். தலையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.