கட்டிப்போடுவது காப்பதாகுமா?

விடுதிகளில் கிழவர்களைக் கட்டிலோடு கட்டிப்போடுவது ஏனென்றால், "விழுந்துவிடுவார்கள், அவர்கள் நன்மைக்குத்தான்" என்று சமாதானம் சொல்லப்படுகின்றது. இதனால் சவுகரியமடைவது கட்டப்பட்டவரா, காவலிருப்பவரா என்று நாம் கேட்கின்றோம். கட்டிக்கிடக்கும் உடம்பு நடக்கும் சக்தியையும் இழந்து, படுக்கைப்புண்ணும் அடைகின்றது.

ஏர்வாடியில் மனநோயாளிகளுக்குச் சங்கிலி போட்டதும் "நன்மைக்கு" என்றுதான். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி கொட்டகை தீப்பற்றியபோது, ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். பிறகு, 2017-ம் வருஷத்திய மனநலச் சட்டம் சங்கிலியைத் தடுத்தது. முதியோர்க்கோ? 2007-ம் வருஷத்திய பெற்றோர் பராமரிப்புச் சட்டம் ஜில்லாதோறும் விடுதி வேண்டும் என்கின்றதே ஒழிய, கட்டைப்பற்றி வாய் திறக்கவில்லை. அமெரிக்காவிலோ 1987-லேயே, தண்டனைக்காகவும் சிப்பந்திகள் வசதிக்காகவும் கட்டக்கூடாதென்று சட்டம் செய்துவிட்டார்கள்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்வது புண்ணைக் கட்டவே ஒழிய, பெற்றவள் கையைக் கட்ட அல்ல. ஆகவே செட்டியார்பட்டித் தோழர்களே! வீட்டிலானாலும் விடுதியிலானாலும் அப்படி ஒரு கட்டைக் கண்டால், "இது யார் சவுகரியத்துக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு அக்கட்டிலில் கிடக்கப்போவது நாமேயாகும்.