கொழுப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னவருக்கு

சென்ற இதழில் வந்த கொலஸ்ட்ரால் கட்டுரையை எங்கள் செல்லிப்பட்டில் படிக்காதவர்கள் குறைவு. வில்லியனூரில் ஒரு செக்கு எண்ணெய்க் கடையில் அதை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, தராசுக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பத்திக்கு மட்டும் மஞ்சள் மை. மல்லாட்டை எண்ணெய் வாங்க வருகிறவர்கள் தூக்கு நிரம்பும்வரை அதைத்தான் வாசித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஒருமுறை அட்டாக் வந்து பிழைத்தவர்களும் உண்டு. வெறும் தப்பான கட்டுரை என்றால் பேசாமல் போயிருப்பேன். இது ஆளைக் கொல்லும் கட்டுரை.

கட்டுரையாளரின் வாதம் இது: கொலஸ்ட்ராலை உடம்பே தயாரிக்கிறது; தனக்குக் கேடானதை உடம்பு தயாரிக்காது; ஆகவே கொலஸ்ட்ரால் பயம் என்பது மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை. மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, செக்கில் ஆட்டிய எண்ணெயைத் தாராளமாக ஊற்றிச் சாப்பிடலாம்.

உடம்பே தயாரிக்கிறது என்பது உண்மை. யாரோ ஒளித்துவைத்திருந்த ரகசியம்போல அதை எழுதியிருப்பதுதான் தவறு. அசிட்டேட் என்னும் இரண்டு கார்பன் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து, ஸ்குவாலீன், லானோஸ்டெரால் எனப் பல படிகள் கடந்து, 27 கார்பன் கொண்ட கொலஸ்ட்ராலை நம் செல்கள் கட்டுகின்றன. இந்த வழியைக் கண்டறிவதில் பெரும்பங்கு ஆற்றிய கொன்ராட் புளோக்கும் ஃபியோடர் லினனும் 1964இல் நோபல் பரிசு பெற்றார்கள். உயிர்வேதியியல் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இது பாடம்.

ஆனால், உடம்பு செய்வது உடம்பைக் கெடுக்காது என்ற அடுத்த வரிக்கு ஆதாரமே கிடையாது. யூரிக் அமிலத்தை உடம்புதான் செய்கிறது; அது மூட்டில் படிந்தால் கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்ற முடியாது. கொலஸ்ட்ராலை மனிதன் முதலில் பிரித்தெடுத்ததே பித்தப்பைக் கல்லிலிருந்துதான். சில குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு குறையோடு பிறக்கிறார்கள். கொலஸ்ட்ராலைச் சுமந்து இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி அவர்களுடைய செல்களில் இருப்பதில்லை, இருந்தாலும் வேலை செய்வதில்லை. முட்டியிலும் முழங்கையிலும் மஞ்சள் கட்டிகள் எழும். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே மாரடைப்பு வரும். அந்தப் பிள்ளைகள் புகை பிடித்தவர்கள் அல்லர், பரோட்டாவே கதி என்று கிடந்தவர்களும் அல்லர். அவர்களுடைய இரத்தக்குழாயை அடைத்தது அவர்களுடைய உடம்பே செய்த கொலஸ்ட்ரால். மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் இந்த ஏற்பியைக் கண்டறிந்து 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். கட்டுரையாளர் எழுதியது சரியென்றால் இந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் நெஞ்சு வலித்திருக்கக் கூடாது.

மாத்திரை வேலை செய்வதும் இதே காரணத்தால்தான். ஊற்றுள்ள குளத்துக்கு வாய்க்காலை மட்டும் அடைத்தால் மட்டம் எவ்வளவு இறங்கும்? கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே செய்வதால்தான் பத்தியம் மட்டும் பலருக்குப் போதுவதில்லை. ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலில் அந்த உற்பத்தியின் முதன்மையான படியைத் தடுக்கிறது. உள்ளே வரத்து குறைந்ததும் கல்லீரல் தன் மேற்பரப்பில் அதிக ஏற்பிகளை நிறுத்தி, இரத்தத்திலிருக்கும் எல்.டி.எல்.லை வாரி எடுத்துக்கொள்கிறது. கம்பெனி ரசாயனம் என்று அவர் திட்டும் இந்த மருந்தின் முதல் வடிவம் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. ஜப்பானின் அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்துத் தேடினார். கியோட்டோவில் ஒரு தானியக் கடையின் அரிசியில் வளர்ந்திருந்த நீலப் பூஞ்சையில் அது கிடைத்தது.

மாத்திரையால் பலன் உண்டா என்று கட்டுரையாளர் கேட்கிறார். 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் இதயநோய் உள்ள 4,444 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து வாங்கியவர்களில் 182 பேர். கம்பெனிப் பணத்தில் நடந்த ஆய்வு அது என்று சொல்வார். கம்பெனியே இல்லாத சான்றும் இருக்கிறது. பிறவியிலேயே பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு செயலிழந்த கறுப்பின அமெரிக்கர்களின் கணக்கு 2006இல் வந்தது. அவர்களுடைய எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவு. இதயநோய் 88 சதவீதம் குறைவு. அவர்களுக்கு யாரும் மாத்திரை விற்கவில்லை. ஆயுள் முழுக்க எல்.டி.எல். குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

என்னை அதிகம் கோபப்படுத்தியது நடுவில் வரும் அந்த இயற்கைப் பாடம். எல்லா உயிரும் தன் கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்கிறது என்றும், நெய்யும் எண்ணெயும் ஊறிய உடம்பில் யானைக்கால் புழு அண்டாது என்றும், கொலஸ்ட்ரால் அடங்கிய ஸ்டெரால் குடும்பத்தின் உற்பத்தியில் கைவைப்பது இயற்கைக்கு எதிரான குற்றம் என்றும் எழுதியிருக்கிறார். மூன்றும் தவறு.

பூச்சிகளால் ஸ்டெராலைப் புதிதாகக் கட்ட முடியாது. இலையைத் தின்னும் புழுக்கள் பல, செடியின் சிட்டோஸ்டெராலை வாங்கித் தமக்குள் கொலஸ்ட்ராலாக மாற்றிக்கொள்கின்றன. பாகூர்ப் பக்கம் நெல்லைக் கருக்கிவிட்டுப் போகும் புகையான் பூச்சி, தன் உடம்புக்குள் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்களைக் குடிவைத்து அவற்றிடமிருந்து ஸ்டெரால் பெறுகிறது. இறாலுக்கும் அந்தத் திறன் கிடையாது. இறால் தீவனத்தில் கொலஸ்ட்ரால் சேர்ப்பது அதனால்தான். உருளைப்புழு இனத்துக்கும் கிடையாது. யானைக்கால் புழு அந்த இனம். அதற்கு வேண்டிய ஸ்டெரால் முழுவதும் நம்மிடமிருந்தே போகிறது. கொழுப்பைக் கண்டு அது ஓடும் என்று, அதுவும் புதுச்சேரி மக்களிடம் சொல்ல எப்படி மனம் வந்தது? ஒரு காலத்தில் யானைக்காலுக்குப் பேர்போன ஊர் இது. கொசு ஒழிப்பு ஆராய்ச்சிக்கென்றே 1975இல் இங்கே வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் தொடங்கப்பட்டது. யானைக்கால் ஒழிப்பு கொசுவைக் கட்டுப்படுத்தியும் ஊர் ஊராக மாத்திரை கொடுத்தும் நடந்த வேலை. நெய்க்கு அதில் பங்கில்லை.

ஸ்டெரால் உற்பத்தியில் கைவைக்கக் கூடாது என்கிறாரே, அதற்குப் பதில் எங்கள் ஊர் மோட்டார் கொட்டகைகளிலேயே இருக்கிறது. நெல்லில் இலையுறைக் கருகல் கண்டாலும், மல்லாட்டையில் டிக்கா புள்ளி விழுந்தாலும் நாங்கள் அடிப்பது ஹெக்சகொனசோல். டப்பாவைத் திருப்பி, மருந்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். பெயர் கொனசோல் என்று முடியும் மருந்துகள், பூஞ்சை தன் ஸ்டெராலான எர்கோஸ்டெராலைக் கட்டும் பாதையில் ஒரு நொதியைப் பிடித்து நிறுத்துகின்றன. எர்கோஸ்டெரால் இல்லாமல் பூஞ்சையின் செல்சவ்வு நிலைகொள்வதில்லை. செடியின் ஸ்டெரால் வேறு என்பதாலும், தெளிக்கும் அளவு குறைவு என்பதாலும் பயிர் தப்பிக்கிறது. தேமலுக்குத் தடவும் களிம்பும் இதே குடும்பம்தான்.

பீகாரில் தலைமுறை தலைமுறையாக ஏழைகளைக் கொன்ற காலா அசார் நோயின் ஒட்டுண்ணியான லீஷ்மானியாவின் சவ்விலும் இருப்பது எர்கோஸ்டெரால் வகைதான். ஆம்போடெரிசின் என்ற மருந்து அந்த ஸ்டெராலைக் குறிவைத்துப் பிடித்து ஒட்டுண்ணியைச் சாகடிக்கிறது. முசாபர்பூரில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த அந்த மருந்தை ஒரே ஒருமுறை நரம்பில் ஏற்றினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகியிருந்தார்கள். ஸ்டெராலில் கைவைப்பது குற்றம் என்றால் இந்த உயிர்களைக் காப்பாற்றியதும் குற்றமா?

எண்ணெய்க்கு வருகிறேன். செக்கு எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்கிறார். மரச்செக்கானாலும் ரீஃபைண்ட் ஆனாலும் செடி எண்ணெய் எதிலும் பொருட்படுத்தத் தக்க அளவு கிடையாது. அதில் இருப்பவை செடியின் ஸ்டெரால்கள். அவை தினம் இரண்டு கிராம் அளவில் உள்ளே போனால் எல்.டி.எல். பத்து சதவீதம் போலக் குறையும் என்பது நிஜம். மல்லாட்டை எண்ணெய் நூறு கிராமில் ஏறக்குறைய 200 மில்லிகிராம்தான் இருக்கிறது. இரண்டு கிராம் வேண்டுமென்றால் தினம் ஒரு கிலோ எண்ணெய் குடிக்க வேண்டும்! தேங்காய் எண்ணெயையும் அவர் அதே பட்டியலில் சேர்த்துவிட்டார். அதில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. 2020இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மற்ற தாவர எண்ணெய்களைவிட அது எல்.டி.எல்.லைப் பத்துப் புள்ளி அளவுக்கு உயர்த்தியது. எண்ணெய்க் கம்பெனிகள் செய்த அநியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆன்டி கொலஸ்ட்ரால், கொலஸ்ட்ரால் ஃபைட்டர் என்றெல்லாம் பாக்கெட்டில் அச்சிட நம் நாட்டு உணவுச் சட்டமே தடை போட வேண்டியிருந்தது. அந்தப் பொய்யைக் கண்டித்தவர் அதைவிடப் பெரிய பொய்யைச் செக்கு எண்ணெய்க்காகச் சொல்லக் கூடாது.

2015ஆம் ஆண்டு அமெரிக்க உணவு வழிகாட்டலையும் துணைக்கு அழைக்கிறார். உணவுக் கொலஸ்ட்ராலுக்கு இருந்த 300 மில்லிகிராம் வரம்பை அது எடுத்தது உண்மை. ஆனால் கொலஸ்ட்ராலை முடிந்தவரை குறைவாகவே உண்ணுங்கள் என்றும், நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்றும் அதே வழிகாட்டல் சொன்னது. அதைப் படித்திருந்தும் விட்டுவிட்டாரா, படிக்காமலே எழுதினாரா என்று அவர்தான் சொல்ல வேண்டும். எப்படியானாலும் அந்த வழிகாட்டல் தட்டிலிருக்கும் முட்டையைப் பற்றியது. இரத்தத்திலிருக்கும் எல்.டி.எல்.லுக்கு அது எந்த நற்சான்றும் தரவில்லை. மாத்திரை சாப்பிட்டால் மூளைக்குக் கொலஸ்ட்ரால் போகாமல் ஞாபகம் போய்விடும் என்ற அவருடைய மிரட்டலுக்கு ஒரு வரி போதும்: மூளை தன் கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்கிறது, இரத்தத்திலிருந்து எல்.டி.எல். அங்கே நுழைவதில்லை.

மாத்திரை எல்லோருக்கும் வேண்டியதில்லை. சிலருக்குத் தசைவலி வரும், சிலருக்குச் சர்க்கரை சற்று ஏறும். அளவைக் குறைப்பதா, வேறு மருந்து தருவதா, நிறுத்துவதா என்று ஆளைப் பார்த்து, ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டும். மூன்று மாதம் நிறுத்திப் பாருங்கள், உடம்பு லேசாக இருப்பதை நீங்களே உணர்வீர்கள் என்று எழுதியிருக்கிறாரே, அந்த வரியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எல்.டி.எல். ஏறினால் வலிக்காது, தலை சுற்றாது, பசி குறையாது. குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு கிழிந்து இரத்தம் உறையும் நிமிடம்வரை ஆள் நன்றாகத்தான் இருப்பார். உணர்வை வைத்து அளக்க முடியாத ஒன்றை உணர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார், அதுவும் ஏற்கெனவே ஒரு அட்டாக்கைத் தாண்டியவர்களிடம்.

கட்டுரையைப் படித்து மாத்திரையை நிறுத்தியவர்கள் இந்த வாரமே தங்கள் டாக்டரிடம் போய், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லி, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். கட்டுரையாளர் அடுத்த இதழில் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அந்த ஒரு பத்தியையாவது பெயர் போட்டுத் திரும்பப் பெற வேண்டும்.